கோப்பு எங்கே?

நம் நாட்டில் எத்தனை கல்லூரிகள் உள்ளன? 2021-22-ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு 45,473 என்று சொல்கிறது. அவற்றுள் ஒரு சிறிய ஊர்க் கல்லூரியை நினைத்துக்கொள்வோம். அங்கே ஒரு நாள் இப்படி நடந்தது என்று வைத்துக்கொள்வோம்.

அன்று நடந்தது

அன்று உதவித்தொகை விண்ணப்பங்களைச் சரிபார்க்கக் கடைசி நாள்.

மாணவர்கள் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பம் போட்டிருந்தார்கள். விண்ணப்பம் போட்டதும் பணம் வந்துவிடாது. "இவர் எங்கள் மாணவர்தான், இவர் எழுதிய விவரம் சரிதான்" என்று கல்லூரி ஒப்புதல் தர வேண்டும். குறித்த தேதிக்குள் ஒப்புதல் தராவிட்டால் விண்ணப்பம் அடுத்த படிக்குப் போகாது.

42 விண்ணப்பங்கள் பாக்கி இருந்தன. அதில் ஒன்று இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியுடையது. அவள் அப்பா கொத்தனார். உதவித்தொகை வந்தால்தான் அடுத்த தவணைக் கட்டணம் கட்ட முடியும். காலையிலிருந்தே அவள் அலுவலக வாசலில் நின்றாள்.

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த எழுத்தர் கணினி முன் உட்கார்ந்தார். மாணவர் சேர்க்கைப் பட்டியல் அவருக்கு வேண்டும். திறந்து பார்த்தார். "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று திரையில் வந்தது. மறுபடியும் பார்த்தார். அதே பதில்தான்.

காரணம் மெல்லத் தெரிந்தது. பழைய எழுத்தர் மே மாதம் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் நல்ல மனிதர். இரவு வீட்டில்கூட உட்கார்ந்து கல்லூரி வேலை பார்ப்பவர். அதனால் பட்டியலைத் தம் சொந்தக் கணக்கில் வைத்திருந்தார். அலுவலகக் கணினியில் அவர் கணக்கு எப்போதும் திறந்தே இருந்தது. யாருக்கும் குறை தெரியவில்லை. ஓய்வு பெற்ற நாளில் தம் கணக்கை மூடிவிட்டுப் போனார். கல்லூரியின் கோப்புகளும் அதோடு போய்விட்டன.

அவருக்குப் போன் செய்தார்கள். மனைவியோடு காசிக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தார். போன் கிடைக்கவில்லை.

மேசை இழுப்பறையில் ஒரு பென் டிரைவ் இருந்தது. அதில் மூன்று கோப்புகள். ஒன்றின் பெயர் 'பட்டியல்'. இன்னொன்று 'பட்டியல் புதியது'. மற்றொன்று 'பட்டியல் கடைசி'. மூன்றிலும் மூன்று விதமான எண்ணிக்கை. எது சரி? யாருக்கும் தெரியவில்லை.

அப்போது அலுவலக உதவியாளர் அக்கா சொன்னார்: "தம்பி, ரெக்கார்டு ரூம்ல சேர்க்கைப் பதிவேடு இருக்கு. போன வருசத்தோடது பச்சை அட்டை. எடுத்துட்டு வரட்டுமா?"

அந்த அக்கா 35 வயதுக்கு மேல் மாலை வகுப்பில் எழுத்துக் கற்றவர். "நான் வாசிக்கிறேன். நீ கம்ப்யூட்டர்ல பாத்து டிக் போடு" என்றார். சேர்க்கை எண், பெயர், தந்தை பெயர், வகுப்பு என்று ஒவ்வொன்றாக வாசித்தார். இரவு ஒன்பது மணி ஆயிற்று. 41 விண்ணப்பங்கள் முடிந்தன. கொத்தனார் மகளுடையதும் முடிந்தது.

ஒன்று மட்டும் முடியவில்லை. ஒரு மாணவன் வேறு கல்லூரியிலிருந்து பாதியில் வந்து சேர்ந்தவன். அவன் விவரத்தைக் கணினியில்தான் ஏற்றியிருந்தார்கள். பதிவேட்டில் எழுத மறந்துவிட்டார்கள். சான்று இல்லாமல் கல்லூரி எப்படி ஒப்புதல் தரும்? அவன் விண்ணப்பம் நின்றுபோனது. அந்த ஆண்டு உதவித்தொகை அவனுக்கு இல்லை.

அவன் செய்த தவறு என்ன? ஒன்றும் இல்லை. கோப்பு இருந்தது. ஆனால் தேவைப்பட்ட நேரத்தில் தேவைப்பட்டவர் கைக்கு வரவில்லை.

மேகம் என்பது என்ன?

மறுநாள் முதல்வர் எல்லோரையும் கூட்டினார். கணினித் துறை ஆசிரியை ஒருவர் விளக்கம் சொன்னார்.

"கோப்புகளை கிளவுடில் வைக்கிறோம் என்கிறோம். கிளவுட் என்றால் மேகம்" என்று தொடங்கினார்.

"மேகத்துல வெச்சா மழைக்கு நனையாதா மேடம்?" என்று அக்கா கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியையும் சிரித்தார்.

"நல்ல கேள்வி அக்கா. பெயர்தான் மேகம். வானத்தில் ஒன்றும் இல்லை. எல்லாம் தரையில்தான் இருக்கிறது" என்றார்.

மும்பை, சென்னை, ஐதராபாத் போன்ற ஊர்களில் பெரிய பெரிய கட்டடங்கள் உள்ளன. வெளிநாடுகளிலும் உள்ளன. அவற்றின் உள்ளே வரிசை வரிசையாகக் கணினிகள். அவை இரவும் பகலும் ஓடுகின்றன. சூடு ஏறாமல் குளிரூட்டி வைக்கிறார்கள். நம் கோப்பு கம்பி வழியாக அங்கே போய்ச் சேர்கிறது. ஒரு கணினி பழுதானாலும் கோப்பு போகாமல் இருக்க, வேறு கணினிகளிலும் நகல் வைக்கிறார்கள். வேண்டும்போது எந்த ஊரிலிருந்தும் எடுத்துப் பார்க்கலாம். கைபேசியிலும் பார்க்கலாம்.

இது வாடகைக் கிடங்கு போன்றது. கிடங்கு வேறு ஒருவருடையது. சரக்கு நம்முடையது. சாவி நம் கையில்.

கூகுள் நிறுவனம் 2012-இல் 'டிரைவ்' என்ற பெயரில் இதைத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 'ஒன்டிரைவ்' என்பதும் இதே போன்றதுதான். கூகுளில் தனி ஆளுக்கு 15 ஜி.பி. இடம் இலவசம். ஒரு சான்றிதழ்ப் பக்கத்தை ஸ்கேன் செய்தால் ஒரு எம்.பி. ஆகிறது என்று கொள்வோம். அப்படியானால் சுமார் 15,000 பக்கம் வைக்கலாம். ஆனால் நம் கடிதங்களும் போட்டோக்களும் அதே இடத்தில்தான் அடங்க வேண்டும்.

கல்வி நிறுவனங்களுக்குக் கூகுள் முன்பு அளவில்லாமல் இடம் தந்தது. 2022-இல் அந்த வழக்கம் நின்றது. ஒரு நிறுவனம் முழுவதற்கும் சேர்த்து 100 டி.பி. என்று வரம்பு வந்தது. ஒரு டி.பி. என்பது ஏறத்தாழ 1,000 ஜி.பி. ஆகவே, இடம் இருக்கிறது என்று கண்டதையும் போட்டு வைக்கக் கூடாது.

பீரோ யாருடையது?

"நேற்று நமக்கு வந்த கஷ்டம் எதனால்?" என்று ஆசிரியை கேட்டார். பதிலும் அவரே சொன்னார். "அலுவலகக் காகிதத்தை யாராவது தம் வீட்டு பீரோவில் வைப்பார்களா? வைக்க மாட்டார்கள். ஆனால் கணினியில் அதைத்தான் செய்தோம்."

கல்லூரிக்கு என்று ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டு. அது கல்லூரியின் பெயரில் முடியும். கல்லூரி வேலைக்கு அந்தக் கணக்கைத்தான் பயன்படுத்த வேண்டும்.

அதிலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. ஊழியரின் கணக்கில் 'என் டிரைவ்' என்று ஓர் இடம் உண்டு. அங்கே வைக்கும் கோப்புக்கு அந்த ஊழியரே உரிமையாளர். அவர் போன பிறகு அவர் கணக்கை நீக்கினால் கோப்பும் போய்விடலாம். அதற்கு முன்பே உரிமையை வேறு ஒருவருக்கு மாற்ற வேண்டும்.

'பொது டிரைவ்' என்பது வேறு. அங்கே வைக்கும் கோப்புக்குக் கல்லூரியே உரிமையாளர். ஊழியர் வரலாம், போகலாம். கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.

எனவே முதல் விதி இது: கல்லூரியின் கோப்பு கல்லூரியின் பொது டிரைவில் இருக்க வேண்டும்.

அடுக்கும் முறை

பலசரக்குக் கடையைப் பாருங்கள். பருப்புக்கு ஒரு டப்பா. மிளகுக்கு ஒரு டப்பா. கடைக்காரர் இல்லாத நேரத்தில் அவர் மகன்கூட எடுத்துக் கொடுப்பான். கோப்புகளையும் அப்படி அடுக்க வேண்டும். வைத்தவர் எடுத்தால் போதாது. வைக்காதவரும் தேடி எடுக்க முடிய வேண்டும்.

கணினியில் டப்பாவுக்குப் பதில் ஃபோல்டர் இருக்கிறது. அன்று கூட்டத்தில் இப்படி முடிவு செய்தார்கள்:

முதலில் ஆண்டு. 2024-25, 2025-26 என்று ஒவ்வொரு கல்வி ஆண்டுக்கும் ஒரு ஃபோல்டர்.

ஆண்டுக்குள் பிரிவு. சேர்க்கை, கட்டணம், தேர்வு, உதவித்தொகை, ஊழியர், நூலகம் என்று ஃபோல்டர்கள்.

பிரிவுக்குள் வேலை. உதவித்தொகை என்றால் பட்டியல், சான்றுகள், கடிதங்கள் என்று மூன்று ஃபோல்டர்கள்.

அதற்கு மேல் உள்ளே போகக் கூடாது. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று ஆறு ஏழு போட்டால் தேடுபவர் களைத்துவிடுவார்.

பெயர் வைப்பதற்கும் ஒரு முறை வேண்டும். 'புதியது', 'கடைசி' என்று பெயர் வைக்கக் கூடாது. இன்றைக்குப் புதியது நாளைக்குப் பழையது. தேதியை முதலில் எழுத வேண்டும். அதிலும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுத வேண்டும். பிறகு பொருள். பிறகு வகுப்பு.

எடுத்துக்காட்டு: 2025-07-14 உதவித்தொகைப் பட்டியல் பி.ஏ. இரண்டாம் ஆண்டு.

ஆண்டை ஏன் முதலில் எழுத வேண்டும்? பெயர் வரிசையில் அடுக்கும்போது கணினி இடப்பக்க எழுத்திலிருந்து பார்த்து அடுக்கும். ஆண்டு முதலில் இருந்தால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். தேதியை 14-07-2025 என்று எழுதினால் எல்லா மாதத்து 14-ஆம் தேதியும் ஒரே இடத்தில் குவிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு பட்டியலை வாட்ஸ்ஆப்பில் ஐந்து பேருக்கு அனுப்பினால் ஐந்து நகல் ஆகும். ஐவரும் தனித்தனியாகத் திருத்துவார்கள். எது சரி என்ற கேள்வி மறுபடியும் வரும். கோப்பை அனுப்ப வேண்டாம். கோப்பு இருக்கும் இடத்துக்கு வழி காட்டும் 'லிங்க்'கை அனுப்பலாம். எல்லோரும் ஒரே கோப்பைப் பார்ப்பார்கள். ஒருவர் திருத்தினால் மற்றவருக்கும் தெரியும்.

மூன்று சாவிகள்

"எல்லாருக்கும் சாவி குடுத்துட்டா திருட்டுப் போகாதா?" என்று அக்கா கேட்டார்.

அதற்குத்தான் மூன்று வகைச் சாவிகள் உள்ளன.

ஒன்று, பார்க்க மட்டும். இவர் கோப்பை வாசிக்கலாம். மாற்ற முடியாது.

இரண்டு, கருத்துச் சொல்ல. இவர் பக்கத்தில் குறிப்பு எழுதலாம். உள்ளே கை வைக்க முடியாது.

மூன்று, திருத்த. இவர் எழுதலாம், மாற்றலாம்.

யாருக்கு எந்தச் சாவி வேண்டும் என்று யோசித்துக் கொடுக்க வேண்டும். மதிப்பெண் பட்டியலைத் திருத்தும் சாவி தேர்வுப் பிரிவுக்கு மட்டும். முதல்வருக்குப் பார்க்கும் சாவி போதும். வேலை முடிந்ததும் சாவியைத் திரும்ப வாங்கிவிட வேண்டும்.

நான்காவதாக ஒன்று உண்டு. அது பெரிய ஆபத்து. 'லிங்க் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம்' என்பது அது. அது வாசல் கதவைத் திறந்து போட்டது போல. விடுமுறை அறிவிப்பு, பாடத்திட்டம் இவற்றுக்கு அப்படி வைக்கலாம். மாணவர் சான்றுகளுக்கு வைக்கவே கூடாது.

ஏன்? உதவித்தொகை ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். ஆதார் நகல். வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். சாதிச் சான்று. வருமானச் சான்று. போன் நம்பர். இத்தனையும் மோசக்காரன் கையில் கிடைத்தால் என்ன ஆகும்? "உதவித்தொகை வந்திருக்கிறது, ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று பெற்றோருக்குப் போன் வரும். பிள்ளையின் பெயரும் வகுப்பும் சரியாகச் சொல்வான். எந்தப் பெற்றோரும் நம்பிவிடுவார்.

மாணவரின் சாதியும் குடும்ப வருமானமும் ஊருக்கெல்லாம் காட்டும் செய்தி அல்ல. அது அவர்கள் நம்பிக் கொடுத்தது. அதைக் காப்பது கல்லூரியின் கடமை. தனிநபர் விவரங்களைக் காப்பதற்கென்று நாடாளுமன்றம் 2023-இல் ஒரு சட்டமும் இயற்றியிருக்கிறது.

ஆதாரில் ஒரு வசதி உண்டு. முதல் எட்டு எண்களை மறைத்து, கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் நகலை ஆதார் இணையதளத்தில் எடுக்கலாம். முழு எண் தேவைப்படாத இடத்தில் அதைக் கொடுக்கலாம்.

கடவுச்சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதி மேசையில் ஒட்டக் கூடாது. ஒரே கடவுச்சொல்லை ஐந்து பேர் பயன்படுத்தக் கூடாது. ஆளுக்கு ஒரு கணக்கு வேண்டும். கடவுச்சொல்லோடு போனுக்கு வரும் சரிபார்ப்பையும் சேர்த்தால் பூட்டு இரட்டைப் பூட்டு ஆகிவிடும்.

அழிந்தால் என்ன செய்வது?

கை தவறிக் கோப்பை அழித்துவிட்டால் பதற வேண்டாம். கூகுள் டிரைவில் அது குப்பைத் தொட்டிக்குப் போகும். 30 நாள் அங்கே இருக்கும். அதற்குள் மீட்டுவிடலாம். பிறகு தானாகவே அழிந்துவிடும். யாராவது தவறாகத் திருத்திவிட்டால் முந்தைய வடிவத்தையும் எடுத்துப் பார்க்க முடியும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அலுவலகக் கணினியையும் கிளவுடையும் இணைத்து வைத்திருந்தால், இங்கே அழிப்பது அங்கேயும் அழியும். ஆகவே கிளவுடில் இருக்கிறது என்று சும்மா இருந்துவிடக் கூடாது. மாதம் ஒரு முறை முக்கியமான கோப்புகளைத் தனி ஹார்டு டிஸ்கில் நகல் எடுக்க வேண்டும். அதைப் பூட்டி, வேறு கட்டடத்தில் வைக்க வேண்டும்.

காகிதப் பதிவேட்டையும் கைவிட வேண்டாம். அன்று 41 பேரைக் காப்பாற்றியது பச்சை அட்டைப் பதிவேடுதான். ஆனால் காகிதத்தை மட்டும் நம்பவும் கூடாது. கேரளத்தில் 2018 ஆகஸ்டில் பெரு வெள்ளம் வந்தது. பல வீடுகளில் சான்றிதழ்கள் நனைந்து அழிந்தன. அரசு முகாம்கள் நடத்தியது. கணினியில் இருந்த பதிவுகளைப் பார்த்துச் சான்றுகளைத் திரும்பக் கொடுத்தது. ஒரு துணையாவது மிஞ்ச வேண்டும் என்றால் இரண்டு துணை வேண்டும்.

பெற்றோரும் மாணவரும்

கோப்பைக் காப்பது கல்லூரியின் வேலை மட்டும் அல்ல. மாணவரும் தம் சான்றுகளைக் காக்கலாம். மத்திய அரசு 2015-இல் 'டிஜிலாக்கர்' என்ற வசதியைத் தொடங்கியது. ஆதார் எண்ணும் போனும் இருந்தால் கணக்குத் தொடங்கலாம். பல தேர்வு வாரியங்களும் பல்கலைக்கழகங்களும் மதிப்பெண் சான்றை நேரடியாக அங்கே தருகின்றன. அப்படி வழங்கிய சான்று, அசல் சான்றுக்குச் சமம்.

விண்ணப்பம் போட்டதும் மாணவர் ஒரு வேலை செய்ய வேண்டும். விண்ணப்ப எண்ணை எழுதி வைக்க வேண்டும். வாரம் ஒரு முறை அதன் நிலையைப் பார்க்க வேண்டும். கல்லூரி ஒப்புதல் தராமல் இருந்தால், கடைசி நாள் வரை காத்திருக்காமல் போய்க் கேட்க வேண்டும். கேட்பது உரிமை.

பிறகு என்ன ஆயிற்று?

கூட்டத்தின் முடிவில் முதல்வர் ஒரு விதி சொன்னார். "வேலையிலிருந்து போகிறவர், சாவிக் கொத்தை ஒப்படைப்பது போலக் கோப்புகளையும் ஒப்படைக்க வேண்டும். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதித் தர வேண்டும். வாங்குகிறவர் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்."

காசிக்குப் போன பழைய எழுத்தர் பத்து நாளில் திரும்பினார். செய்தி கேட்டு வருந்தினார். அன்றே கல்லூரிக்கு வந்தார். எல்லாக் கோப்புகளையும் பொது டிரைவுக்கு மாற்றிக் கொடுத்தார். விடுபட்ட மாணவனின் பெயரும் அதில் சரியாகவே இருந்தது. ஆனால் தேதி போய்விட்டது.

கல்லூரி ஆசிரியர்கள் சேர்ந்து அவனுக்கு அந்தத் தவணைக் கட்டணத்தைக் கட்டினார்கள். அது நல்ல மனம். ஆனால் அது உதவி. அவனுக்கு வர வேண்டியதோ உரிமை.

இப்போது ரெக்கார்டு ரூம் பதிவேடுகளை ஸ்கேன் செய்யும் வேலை நடக்கிறது. எந்த ஆண்டுக்கு எந்த அட்டை என்று அக்காதான் எடுத்துக் கொடுக்கிறார். கோப்புக்குப் பெயரும் அவரே தட்டுகிறார். ஆண்டு, மாதம், நாள். பிறகு பொருள். ஒரு விரலால்தான் தட்டுகிறார். ஆனால் பிழை இல்லாமல் தட்டுகிறார்.

நினைவில் வைப்போம்

1. பொது வேலையின் கோப்பைப் பொது இடத்தில் வைப்போம்.
2. ஆண்டு, பிரிவு, வேலை என்று அடுக்குவோம்.
3. கோப்பின் பெயரில் தேதியை முதலில் எழுதுவோம்.
4. நகல் அனுப்ப மாட்டோம். லிங்க் அனுப்புவோம்.
5. தேவையானவருக்கு, தேவையான சாவி மட்டும் கொடுப்போம்.
6. மாதம் ஒரு முறை தனி நகல் எடுப்போம்.
7. பொறுப்பை விடும்போது கோப்புகளை ஒப்படைப்போம்.

பேசிப் பார்ப்போம்

உங்கள் சுய உதவிக் குழுவின் கணக்கு நோட்டு யாரிடம் இருக்கிறது? அவர் ஊரில் இல்லாத நாளில் மற்றவர் அதைப் பார்க்க முடியுமா?

உங்கள் வீட்டில் ரேஷன் அட்டை, பட்டா, சான்றிதழ்கள் எங்கே உள்ளன? வீட்டில் எத்தனை பேருக்கு அந்த இடம் தெரியும்?

உங்கள் ஆதார் நகலை இதுவரை யார் யாரிடம் கொடுத்திருக்கிறீர்கள்? ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.